மடக்குக்கத்தி: பல் வைத்ததா, நேர்வாயா?

கேள்வி: "ஆற்றுப்பாசனத்தில் இரண்டு ஏக்கர் ஏத்தனும் கதலியும் போட்டிருக்கிறேன். தூத்துக்குடி போனபோது மடக்குக்கத்தி ஒன்று வாங்கி வந்தேன். அலகில் பாதி ரம்பப் பல், பாதி சாதாரண வாய். போன மாதம் என் மகன் முட்டுக்கம்பில் கட்டிய கயிற்றை அறுக்கும்போது கத்தி மடங்கி, ஆள்காட்டி விரலில் நாலு தையல். இனிமேல் மடக்குக்கத்தியே வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மடியில் ஒரு கத்தி இல்லாமல் வாழையில் வேலை ஓடாது. எதைப் பார்த்து வாங்குவது?"

- வாழை விவசாயி, ஆதிச்சநல்லூர், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: தையல் பிரித்த பிறகு விரல் முன்போல முழுதாக மடங்குகிறதா, நுனியில் உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மருத்துவரிடம் மறுபடி காட்ட வேண்டும். கத்தியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

வீட்டில் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தக் கத்தி இனி வேண்டாம். ஆனால் மடக்குக்கத்தியே கூடாது என்பதில்லை. விபத்து எப்படி நடந்தது என்று பார்த்தால், எதை வாங்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

விரலை வெட்டியது எது?

ரம்பப் பல் கயிற்றின் இழையைக் கவ்விப் பிடித்து அறுக்கும். இழுக்கும்வரை அது நல்லதுதான். முடிச்சில் பல் மாட்டிக்கொண்டால், கத்தியை விடுவிக்கக் கை தானாகவே பின்னுக்குத் தள்ளும், அல்லது மேலே நெம்பும். அப்போது விசை அலகின் முதுகில் விழுகிறது. முதுகில் விசை விழுந்தால் மடக்குக்கத்தி மூடத்தான் பார்க்கும். மூடும் வழியில்தான் நான்கு விரல்களும் இருக்கின்றன. அலகை நிறுத்திப் பிடிக்க லாக் இல்லாமல், வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் அது தாங்காது.

ஆக, அந்தக் கத்தியில் இரண்டு குறைகள். ஒன்று, வேலைக்குப் பொருந்தாத பல். இன்னொன்று, லாக் இல்லாமை. அடுத்த கத்தியில் இந்த இரண்டும் இருக்கக் கூடாது.

கருக்கரிவாளும் வெட்டரிவாளும்

பல் வைத்த கத்தி மோசமானது என்று சொல்ல வந்ததில்லை. நெல் அறுக்கும் கருக்கரிவாளுக்குப் பல் உண்டு. வழுக்கும் தாளைக் கைப்பிடியாகப் பிடித்து இழுத்து அறுக்க அதுதான் சரி. வாழைத்தார் வெட்டும் அரிவாளுக்கு யாரும் பல் வைப்பதில்லை. ஒரே வீச்சில் உள்ளே போய் வெளியே வர வேண்டும். மடக்குக்கத்தியிலும் இதே கணக்குதான்.

கடற்கரையில் நனைந்த நைலான் கயிறு, வலை, தடித்த வடம் இவற்றோடு புழங்குபவர்களுக்குப் பல் வைத்த அலகு உதவும். வாய் கொஞ்சம் மழுங்கினாலும் பல் கயிற்றை அறுத்துவிடும். துறைமுகப் பக்கத்துக் கடையில் அந்தக் கத்தி தொங்குவது அதனால்தான். அதை ஆற்றங்கரை வாழைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் வேலை மாறிவிடுகிறது.

வாழையில் அந்தச் சின்னக் கத்திக்கு என்ன வேலை? இலைப்புள்ளி நோய் வந்த இலையின் காய்ந்த பகுதியைக் கழிப்பது. கடைசிச் சீப்பு விரிந்தபின் பூவை நீக்குவது. இளம் பக்கக்கன்றைச் சீவுவது. சணலை அறுப்பது. உரமூட்டையின் தையலைப் பிரிப்பது. சொட்டுநீர்ப் பக்கக்குழாயை அளவாக நறுக்குவது. இலைக்கட்டுக்கு நார் கிழிப்பது. இந்த எல்லாவற்றுக்கும் நேர்வாய்தான் பொருந்தும். வெட்டு வழவழப்பாக விழும், சாறு குறைவாக வடியும், குழாயின் வாய் பிசிறில்லாமல் இருப்பதால் இணைப்பில் ஒழுகாது. பல் வைத்த அலகு பச்சைத் தண்டை வெட்டாமல் கிழிக்கிறது. கிழிந்த இடத்தில் அழுகல் எளிதில் பிடிக்கும்.

ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். விதைக்கொடி நறுக்கும்போது கணு நசுங்கக் கூடாது. நசுங்காமல் நறுக்க நேர்வாய்தான் வேண்டும்.

நேர்வாயின் பெரிய லாபம் இன்னொன்று. அதை வீட்டுச் சாணைக்கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். பல் வைத்ததை அப்படித் தீட்ட முடியாது. ஒவ்வொரு பல்லுக்கும் மெல்லிய உருளை அரம் வேண்டும். பலரும் தீட்டாமலே வைத்திருப்பார்கள். மழுங்கிய கத்தியை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும். கூர்மையான கத்தியைவிட மழுங்கிய கத்திதான் கையை அதிகம் வெட்டும்.

லாக் எப்படி இருக்க வேண்டும்?

கடையில் நான்கு வகை கிடைக்கும். பெயர் தெரியாவிட்டாலும் திறந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

முதல் வகை: லாக் கிடையாது. ஸ்பிரிங் மட்டும் அலகைத் திறந்த நிலையில் பிடித்திருக்கும். பேனாக்கத்திகள் பெரும்பாலும் இப்படித்தான். பென்சில் சீவ, பழம் நறுக்கப் போதும். தோட்டத்துக்குப் போதாது.

இரண்டாவது: கைப்பிடியின் முதுகில் உள்ள கட்டையை அமுக்கினால்தான் மடங்கும். உறுதியானது. மூடும்போது விரல்கள் வெட்டும் வாய்க்கு எதிரே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: கைப்பிடிக்குள் ஒரு தகடு வந்து அலகின் அடியில் முட்டி நிற்கும். ஒரு கையாலேயே மூடலாம். தகடு மெலிந்திருந்தாலும், மண் புகுந்தாலும் நழுவும்.

நான்காவது: கடையாணியைச் சுற்றி ஒரு வளையம். திறந்தபின் வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் தொடங்கிய ஒபினெல் கத்தியில் இந்த வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. பாகங்கள் குறைவு, கழுவ எளிது. ஆனால் வளையத்தைத் திருக மறந்தால் லாக் இல்லாத கத்திதான்.

தோட்டத்துக்கு இரண்டாவதும் நான்காவதும் நல்லவை. பிள்ளைகளும் எடுத்துப் புழங்கும் வீடாக இருந்தால் இரண்டாவதே மேல். திறந்தவுடன் தானாகவே பூட்டிக்கொள்ளும், திருக மறக்கும் பேச்சே இல்லை.

கடையிலேயே சோதித்துப் பார்க்கவும். அலகைத் திறந்து பூட்டவும். அலகு மடங்கி வரும் வழியில் ஒரு விரலும் இல்லாதபடி கைப்பிடியை இருபக்கமும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்தவும். லாக் நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடவும். பிறகு அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும். புதுக் கத்தியே கடையாணியில் ஆடினால், ஒரு பருவம் கழித்துக் கேட்கவே வேண்டாம்.

லாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முனையால் குத்துவதும், நெம்புவதும், முதுகில் சுத்தியலால் அடிப்பதும் கூடாது. கன்று பெயர்க்கக் கடப்பாரை இருக்கிறது, தார் வெட்ட அரிவாள் இருக்கிறது. கத்தி எதிலாவது மாட்டிக்கொண்டால் பின்னுக்குத் தள்ளக் கூடாது. கயிற்றைத் தளர்த்திக் கத்தியை விடுவிக்க வேண்டும். இதை மகனுக்கு ஒருமுறை கையில் பிடித்துக் காட்டிவிடவும்.

எந்த இரும்பு?

ஆதிச்சநல்லூர் மண்ணுக்கு இரும்பு புதிதல்ல. ஊருக்குப் பக்கத்துப் பரம்பில் 1876இல் ஜெர்மானியரான யாகோரும், 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது, தாழிகளோடு வாள், ஈட்டிமுனை போன்ற இரும்புப் பொருட்களும், நெல், சிறுதானிய உமியும் கிடைத்தன. ரீ எடுத்த பொருட்கள் பலவும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரும்புக்கு அன்றும் இன்றும் துருதான் எதிரி.

வாழைச்சாறு துருவை இன்னும் வேகப்படுத்தும். சாறு பட்ட சாதாரண எஃகு அன்று மாலையே கறுத்துவிடும். கத்தி எஃகில் இரண்டு வகை உண்டு.

கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும், கல்லில் சுலபமாகத் தேயும். ஆனால் துருப்பிடிக்கும். தினமும் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவருக்கு நல்லது.

ஸ்டெயின்லெஸ் எஃகு துருவை நன்றாகத் தாங்கும். அதற்காகத் துருவே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். உப்புக்காற்றிலும், உரம் பட்டாலும் புள்ளி விழும். தீட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். வாழைத் தோட்டத்துக்கும், மறதிக்காரருக்கும் இதுதான் ஏற்றது.

கடைகளில் ஒரு பேச்சு உண்டு: காந்தம் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் இல்லை என்பார்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு வேண்டுமானால் அந்தச் சோதனை ஓரளவு பொருந்தும், கத்திக்குப் பொருந்தாது. கத்திக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ், சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்கப்படும் வகை. அதில் காந்தம் ஒட்டும். அலகில் காந்தம் ஒட்டவே இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும். தட்டு செய்யும் தகட்டை வெட்டிப் போட்டிருக்கலாம். அதில் கூர் நிற்காது.

அளவும் கைப்பிடியும்

அலகு 3 முதல் 3½ அங்குலம் போதும். முதுகு 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன். அதற்கு மேல் தடித்தால் வெட்டாமல் பிளக்கும். பெரிய அலகு வாங்கினால் பெரிய வேலைக்கு எடுக்கத் தோன்றும், அங்கேதான் கடையாணி தளரும்.

கைப்பிடி உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமாக, நனைந்த கையிலும் வழுக்காததாக இருக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கைப்பிடி அழகாக இருக்கும், வாழைச்சாறு பட்டால் நழுவும். சொரசொரப்பான பிளாஸ்டிக் அல்லது மரம் நல்லது. கருப்பு, பச்சையை விட ஆரஞ்சு, மஞ்சள் நிறக் கைப்பிடி மேல். சருகுக்குள் விழுந்தால் கண்ணில் படும். மேலே ஒரு துளை இருந்தால் கயிறு கோத்து அரைஞாணிலோ பெல்ட்டிலோ கட்டிக்கொள்ளலாம்.

இரண்டு கையாலும் திறக்க வேண்டிய கத்தியில் மெதுவாகத் திறப்போம், கவனமும் கூடவே இருக்கும். பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் கத்தி விவசாயிக்குத் தேவையில்லை. மண் புகுந்தால் அதுதான் முதலில் கெடும்.

வீட்டிலேயே தீட்டுவது

தச்சர்கள் வைத்திருக்கும் இருபக்கக் கல் ஒன்று போதும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை. கல்லை நனைத்துக்கொண்டு, அலகின் முதுகைக் கல்லிலிருந்து சற்று உயர்த்திப் பிடிக்கவும். உயரத்துக்குக் கணக்கு இதுதான்: அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அலகு 2 சென்டிமீட்டர் அகலமென்றால் முதுகு 6 முதல் 7 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். அப்போது ஒரு பக்கச் சாய்வு சுமார் 20 பாகை வரும். பக்கத்துக்குப் பத்து இழுப்பு, பிறகு மென்மையான பக்கத்தில் அதே அளவு. கடைசியில் பழைய தோல் செருப்பின் உட்பக்கத்தில் வாய் பின்னால் வரும்படி நாலைந்து முறை இழுத்தால் போதும். செய்தித்தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பார்க்கவும். கிழியாமல் நறுக்கினால் கூர் வந்துவிட்டது.

ஒட்டுக்கட்டும் கத்தி மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே சாய்வு இருக்கும், மறுபக்கம் தட்டை. சாய்வுள்ள பக்கத்தையே தீட்ட வேண்டும். அந்தக் கத்தியால் கயிறு, மூட்டை எதையும் அறுக்கக் கூடாது.

சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் கவனம். அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லவும். கிருமியைக் கொல்ல அலகை அடுப்பில் காட்டும் வழக்கமும் இதனால்தான் வேண்டாம்.

கத்தி நோயையும் சுமக்கும்

கையில் பட்ட வெட்டு தெரிகிறது, தோட்டத்தில் பட்டது உடனே தெரிவதில்லை. ஒரு மரத்தில் அழுகிய கிழங்கைச் சீவிய அலகோடு அடுத்த மரத்துக்குப் போனால், பாக்டீரியாவால் வரும் கிழங்கழுகல் கூடவே போகும். வாடல் நோய் மண்ணில் வாழும் பூஞ்சணம். கத்தியிலும் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணோடு நகரும், மண்ணில் பல ஆண்டுகள் தாங்கி நிற்கும். முடிக்கொத்து நோய் மட்டும் வேறு. அதைப் பரப்புவது அசுவினிப் பூச்சியும் நோயுள்ள கன்றும்தான், கத்தியைக் குறை சொல்ல முடியாது.

எனவே நல்ல மரங்களில் வேலையை முதலில் முடித்து, சந்தேகமானவற்றுக்குக் கடைசியில் போகவும். அங்கே ஒவ்வொரு மரத்துக்குப் பிறகும் அலகிலுள்ள மண்ணையும் சாற்றையும் கழுவிவிட்டு, கிருமிநாசினியில் ஒரு நிமிடம் வைக்கவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 முதல் 20 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்தால் போதும். அன்றன்று புதிதாகக் கரைக்க வேண்டும், வேறு எந்த அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடவும். இல்லையென்றால் பிளீச்சிங் பவுடரே அலகை அரித்துவிடும். 70 சதவீத ஸ்பிரிட்டில் நனைத்த துணியாலும் துடைக்கலாம். பீடி, தீக்குச்சி பக்கத்தில் இருக்கக் கூடாது.

கைப்பிடியின் உட்பக்கம் திறந்திருக்கும் கத்தியாகப் பார்த்து வாங்கினால் கழுவுவது சுலபம். மூடிய கைப்பிடிக்குள் சேரும் மண்ணை எடுக்க முடியாது. பல் வைத்த அலகில் ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் சாறு உறையும். நேர்வாய் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழியில் யாராவது கேட்டால்?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேரா. 3 அங்குல மடக்குக்கத்தி அந்த அளவுக்குக் கிட்டவே வராது. ஆனாலும் கத்திக்கு இடம் தோட்டம்தான். திருச்செந்தூர்த் திருவிழாக் கூட்டத்துக்கும், ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கும், தேர்தல் சமயத்தில் வெளியூருக்கும் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போகவும். வாகைகுளம் விமான நிலையத்தில் கைப்பையில் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

மறுபடி வெட்டுப்பட்டால்

ஓடும் நல்ல தண்ணீரில் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தவும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கவும். இடையிடையே துணியை எடுத்துப் பார்க்க வேண்டாம். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. ரத்தம் நிற்காவிட்டாலும், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டாலும், நுனி மரத்துப்போனாலும் தசைநாரோ நரம்போ அறுபட்டிருக்கலாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. தேவைப்பட்டால் 108. மண் பட்ட காயம் என்றால் ரணஜன்னி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்லவும்.

சுருக்கமாக: பல் இல்லாத நேர்வாய், 3 முதல் 3½ அங்குல ஸ்டெயின்லெஸ் அலகு, முதுகில் அமுக்கும் லாக், ஆடாத கடையாணி, வழுக்காத கைப்பிடி, கழுவ வசதியாகத் திறந்த உட்பக்கம். இந்த ஆறும் இருந்தால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் விலை மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

பழைய கத்தியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் விரலும் அதே மாதிரிதான் மாட்டும். கொல்லர் பட்டறையில் கடையாணியைத் தட்டிக் கழற்றச் சொல்லிப் பழைய இரும்போடு போட்டுவிடவும். புதுக் கத்தி வாங்கி வந்த அன்று, வீட்டில் வேண்டாம் என்று சொன்னவர்கள் முன்னாலேயே லாக்கைப் பூட்டி, முதுகை அழுத்திக் காட்டவும்.